நாம் என்பதும் நாங்கள் என்பதும்

1955 ஆகஸ்ட் 8ஆம் நாள், அணுசக்தியின் அமைதிவழிப் பயன்பாடுகள் குறித்த ஐக்கிய நாடுகளின் முதல் மாநாடு ஜெனீவாவில் தொடங்கியது. தலைமை வகித்தவர் ஹோமி பாபா. அவருடைய தலைமையுரையில் ஒரு துணிச்சலான முன்கணிப்பு இருந்தது: அணுக்கரு இணைவிலிருந்து கட்டுப்பாட்டுடன் ஆற்றலைப் பெறும் வழி அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கண்டறியப்பட்டுவிடும் என்றார் அவர். எழுபது ஆண்டுகள் கழிந்தும் அந்த ஆற்றல் எந்த வீட்டின் விளக்கையும் ஏற்றவில்லை. முன்கணிப்புப் பொய்த்ததைக் குறை சொல்வது எளிது. ஆனால் மொழியியல் பயின்றவரின் காதில் வேறொரு கேள்வி ஒலிக்கும். அந்த வாக்கியத்துக்கு உரியவர் யார்? இயற்பியல் அறிஞரா, இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவரா, பல நாட்டார் கூடிய அவையின் தலைவரா? மூவரும் ஒரே வாயால் பேசினர். பாபாவின் ஆளுமை பெரிதாக இருந்ததால் அன்று எவரும் இக்கேள்வியை எழுப்பவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கேள்வி ஒரு நிறுவனத்துக்குள் வந்து அமர்ந்தது. 2005 டிசம்பர் 6 அன்று, தென்கொரியாவின் ஜேஜு தீவில் நடந்த கூட்டத்தில் ஈட்டர் திட்டத்தில் முழு உறுப்பினராக இந்தியா ஏற்கப்பட்டது. ஈட்டர் என்பது லத்தீனில் 'வழி' என்று பொருள்படும் சொல். தென் பிரான்சின் கடராஷ் அருகே எழும் மாபெரும் இணைவு ஆய்வு உலையின் பெயர். 2006 நவம்பர் 21 அன்று பாரிஸில் எலிசே மாளிகையில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஐரோப்பிய ஒன்றியம், சீனா, இந்தியா, ஜப்பான், கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய எழுவரும் உறுப்பினர். இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அணுசக்தி ஆணையத்தின் அப்போதைய தலைவர் அனில் ககோட்கர். அவரும் தூதரல்லர், அமைச்சரல்லர், பொறியியலாளர்.

கட்டுமானச் செலவில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடு. ஐரோப்பாவின் பங்கு ஏறத்தாழ 45 விழுக்காடு. எனினும் திட்டத்திலிருந்து பிறக்கும் அறிவு எல்லா உறுப்பினருக்கும் திறந்திருக்கும். பங்களிப்பின் பெரும்பகுதி பணமாகச் செல்வதில்லை, பொருளாகச் செல்கிறது. உலை முழுவதையும் சூழ்ந்து நிற்கும் கிரையோஸ்டாட் என்னும் குளிர்காப்புக் கலம் குஜராத்தின் ஹஜீராவில் துண்டு துண்டாக உருவாகிக் கப்பலேறியது. 3,850 டன் எடை, ஏறத்தாழ 29 மீட்டர் உயரம், அதே அளவு விட்டம். அதன் 1,250 டன் அடிப்பகுதி 2020 மே மாதம் உலைக்குழிக்குள் இறக்கப்பட்டது. படங்களில் இவையெல்லாம் தெரிகின்றன. இந்தப் பொருள்களுக்காக மேசையில் அமர்ந்து பேசும் மனிதர்கள் மட்டும் படத்தில் அதிகம் தெரிவதில்லை. அவர்களை யார் அனுப்புகிறார்கள், எந்தச் சொல்லோடு அனுப்புகிறார்கள் என்பதே இங்கே பேசப்படும் பொருள்.

உடன்படிக்கையின்படி ஈட்டர் பேரவைக்கு ஒவ்வோர் உறுப்பினரும் நால்வர் வரை பிரதிநிதிகளை நியமிக்கலாம். பேரவை இயன்றவரை ஒருமித்த கருத்தை நாட வேண்டும். இயலாதபோது எடையிட்ட வாக்கு. பேரவைக்குத் துணையாக அறிவியல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவும் மேலாண்மை ஆலோசனைக் குழுவும் உண்டு. அவற்றிலும் உறுப்பினர்களின் வல்லுநர்களே அமர்கிறார்கள். மேசையில் இருக்கும் பெயர்ப்பலகை நாட்டைச் சொல்கிறது. பேசுபவரோ பிளாஸ்மாவையும் பற்றவைப்பையும் பற்றிப் பேசுகிறார். பேச்சு ஆங்கிலத்தில் நடக்கிறது. அந்த ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் வல்லுநருக்கு அடைக்கலமாகவும் பொறியாகவும் அமைகிறது. தன்மைப் பன்மைக்கு ஆங்கிலத்தில் இருப்பது ஒரே சொல்.

தமிழில் அது இரண்டு. கேட்பவரையும் சேர்த்தால் நாம். கேட்பவரை விலக்கினால் நாங்கள். தெலுங்கிலும் மலையாளத்திலும் இந்த வேறுபாடு உயிரோடு இருக்கிறது. மராத்தியிலும் குஜராத்தியிலும்கூட உண்டு. திராவிட மொழிகளின் தொடர்பால் அது அங்கே வந்திருக்கலாம் என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். இந்தியாவின் இணைவு ஆய்வுக்குத் தாயகமான பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் காந்திநகரில் இருக்கிறது. அவ்வூர்த் தெருவில் 'அமே' என்பதும் 'ஆப்ணே' என்பதும் நாள்தோறும் பிரித்தே வழங்கப்படுகின்றன. அங்கிருந்து விமானம் ஏறிப் புரொவான்ஸில் இறங்கும் வல்லுநர், அந்த வேறுபாடு இல்லாத ஒரு மொழியில் பேசத் தொடங்குகிறார்.

ஒரு கற்பனை உருவம் இதைத் தெளிவாக்கும். வெற்றிடக் கலத்தின் இரட்டைச் சுவருக்கு இடையே செருகப்படும் எஃகுக் கட்டிகளை வழங்குவது இந்தியாவின் பொறுப்பு. கலத்தின் ஒன்பது வட்டத்துண்டுகளில் நான்கைக் கொரியாவும் ஐந்தை ஐரோப்பாவும் செய்கின்றன. இந்தியக் கட்டிகள் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அவர்களால் சுவரை மூட முடியும். இப்படிப்பட்ட ஒரு பொருளின் பொறுப்பில் ஒரு பொறியியலாளர் இருக்கிறார் என்று கொள்ளலாம். ஆலையில் ஒரு சோதனை தேறவில்லை. மூன்று மாதம் தாமதமாகும் என்று அவருக்குத் தெரியும். தலைமையிடத்திலிருந்து வந்த வழிகாட்டுக் குறிப்போ பழைய தேதியையே தாங்கி நிற்கிறது, ஏனெனில் அதைத் தயாரித்த கோப்பு புறப்பட்டபோது சோதனை நடந்திருக்கவில்லை. கூட்டத்தில் அவர் முறை வருகிறது. அட்டவணை இறுக்கமாக இருக்கிறது, ஆனால் சமாளிக்கிறோம் என்கிறார்.

யார் சமாளிக்கிறார்கள்? இந்தியாவா, திட்டம் முழுவதுமா? ஆங்கிலச் சொல் இரண்டையும் மூடிக்கொள்கிறது. எதிரே அமர்ந்த கொரியப் பொறியியலாளர் அதை 'நாங்கள்' என்று கேட்டு, கட்டிகள் குறித்த நாளில் வரும் என்று தன் ஆலையின் பணிமுறையை வகுக்கிறார். பேசியவர் 'நாம்' என்று எண்ணியிருந்தார். எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்பது அவர் கருத்து. பொய் சொல்லப்படவில்லை. ஆயினும் மூன்று மாதத் தாமதம் ஒரு பிரதிப்பெயருக்குள் ஒளிந்துகொண்டது.

தமிழில் பேசினால் இது நேர்ந்திராது என்று பெருமை கொள்ளவும் இடமில்லை. நாம் செய்கிறோம், நாங்கள் செய்கிறோம் என்ற இரண்டிலும் வினைமுற்று ஒன்றுதான். எழுவாயை விட்டுவிட்டால் தமிழும் அதே போர்வையைத் தரும். 'செய்துகொண்டிருக்கிறோம்' என்னும் சொல்லுக்குள் எத்தனை அலுவலகங்கள் தஞ்சம் புகுந்திருக்கின்றன என்பதை எவரும் அறிவர். பிரதிப்பெயரைச் சொல்லச் செய்வது இலக்கணத்தின் வேலையன்று. நியமன ஆணையின் வேலை.

சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1979இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பேசுபவர் என்ற ஒற்றைச் சொல்லை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். ஒலி எழுப்புபவர் ஒருவர்; சொற்களைத் தேர்ந்து அமைப்பவர் ஒருவர்; அச்சொற்கள் வெளியிடும் நிலைப்பாட்டுக்குப் பொறுப்பானவர் ஒருவர். மூவரும் ஒருவராக இருக்கலாம், வெவ்வேறானவராகவும் இருக்கலாம். இந்தப் பகுப்பு தமிழ் மரபுக்கு முற்றிலும் அந்நியமன்று. திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதப் புகும் பரிமேலழகர், தானே வகுத்துரைக்கும் தூதர் என்றும் சொல்லியனுப்பியதை உரைக்கும் தூதர் என்றும் இருவகை காட்டுகிறார். முன்னவருக்கு அறிவின் பரப்பு வேண்டும். பின்னவருக்குச் சொல்லின் தூய்மை வேண்டும். ஒருவருக்குரிய தகுதியை மற்றவரிடம் தேடினால் அரசனின் காரியம் கெடும்.

ஆற்றல் ஆய்வுக் கூட்டுறவுகளுக்கு வல்லுநரை அனுப்பும்போது இந்தக் குழப்பமே நிகழ்கிறது. வகுத்துரைக்க வல்லவர் என்பதற்காகவே அவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். கையில் கொடுக்கப்படுவதோ சொல்லியனுப்பியதைச் சொல்வோருக்கு உரிய குறிப்பு. குறிப்பை மீறினால் அரசின் நிலைப்பாட்டை மீறியவராகிறார். குறிப்போடு நின்றால் அவரை அனுப்பியதன் பயன் என்ன? அந்தத் தாளை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம்.

இதில் பணயமாக இருப்பது ஒரு மனிதரின் சங்கடம் மட்டுமன்று. ஈட்டரின் அட்டவணையே சான்று. 2010இல் ஏற்கப்பட்ட திட்டவரை முதல் பிளாஸ்மாவை 2019 நவம்பருக்குக் குறித்தது. 2016இல் ஏற்கப்பட்டது 2025 டிசம்பர் என்றது. 2024இல் முன்வைக்கப்பட்ட திட்டம் ஆய்வுப் பணியின் தொடக்கத்தை 2034க்கும், டியூட்டீரியம் டிரிட்டியம் கொண்டு இயக்குவதை 2039க்கும் கொண்டுசென்றது. முன்னுதாரணமற்ற பொறியியல், பெருந்தொற்று, தயாரிப்பில் கண்ட குறைகள் என்று காரணங்கள் பல. ஆனால் 2013இன் மேலாண்மை மதிப்பீடு மற்றொன்றையும் கடுமையாகச் சுட்டியது: நடுவண் அமைப்புக்கும் உறுப்பினர்களின் உள்நாட்டு முகமைகளுக்கும் இடையிலான உறவு. ஒவ்வொரு முகமையும் தன் அரசுக்குக் கணக்குக் காட்டியது. உலை முழுமைக்கும் கணக்குக் காட்டும் இடம் வலுவற்றிருந்தது. 2015இல் தலைமை இயக்குநரான பெர்னார் பிகோ உள்நாட்டு முகமைகளின் தலைவர்களையும் சேர்த்து ஒரு செயல்வாரியத்தை அமைத்தார். இலக்கணத்தின் சொல்லில் கூறினால், நாங்கள் என்று மட்டும் பேசிப் பழகியவர்களை நாம் என்று பேச வைக்கும் ஏற்பாடு அது.

மறுதலையும் உண்டு. வல்லுநர்கள் நாம் என்று பேசப் பழகியதால் காப்பாற்றப்பட்டவையும் பல. உக்ரைன் போர் தொடங்கிய பின்னரும் ரஷ்யா மேசையில் இருந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் செய்த வளையக் காந்தம் 2022 நவம்பரில் கப்பலேறிப் பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. அரசுகள் முகம் பார்க்காத நாட்களிலும் பொறியியலாளர்கள் ஒரே வரைபடத்தைப் பார்த்தார்கள். அதே வேளையில் வல்லுநரின் நாம் அரசின் முடிவை வெல்லாது என்பதற்கும் வரலாறு உண்டு. 1985இல் ஜெனீவாவில் ரேகனும் கொர்பச்சேவும் சந்தித்ததிலிருந்து தொடங்கிய இந்தக் கூட்டு முயற்சியை விட்டு 1990களின் இறுதியில் அமெரிக்கா விலகியது, 2003இல்தான் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நாட்டின் வல்லுநர்கள் அறிவை இழக்கவில்லை, நாற்காலியை இழந்தார்கள்.

இரண்டு பாத்திரங்களையும் தாங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். கொர்பச்சேவின் அறிவியல் ஆலோசகராக இருந்து இந்த முயற்சியின் விதையை ஊன்றியவர்களுள் ஒருவரான யெவ்கேனி வெலிகோவ், பின்னாளில் ஈட்டர் பேரவையின் தலைவராகவும் அமர்ந்தார். இந்தியப் பக்கம் பிரதிமன் கிருஷ்ண கௌ. காந்திநகர் நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர். 1989இல் ஆதித்யா டோகாமாக் இயங்கத் தொடங்கியது அவர் காலத்தில். ஈட்டரின் அறிவியல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்கு முதல் தலைவராக அவர் அமர்ந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு நாட்டின் பிரதிநிதி என்ற அடையாளத்தைவிட அவருடைய ஆய்வுகளே முன்சென்றன. அத்தகையோருக்கு நியமன ஆணை ஒரு சடங்கு. எல்லாத் தலைமுறையிலும் கௌ கிடைப்பாரா என்பதுதான் கேள்வி. ஆளுமையை நம்பி ஓர் ஏற்பாட்டை நடத்துவது மழையை நம்பி ஏரியைத் தூர்வாராமல் விடுவதைப் போன்றது.

இந்தியாவில் அணுசக்தித் துறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் செயலரே மரபாக அறிவியலாளர் அல்லது பொறியியலாளர். ஆகவே அனுப்புபவரும் செல்பவரும் ஒரே மொழியைப் பேசுகிறார்கள். மின்துறை, புதுப்பிக்கத்தக்க ஆற்றல், பெட்ரோலியம் ஆகிய அமைச்சகங்களின் அமைப்பு வேறு. அங்கே தலைமைப் பொறுப்புகள் ஆட்சிப்பணி அலுவலருக்கு உரியவை. சில ஆண்டுகளில் மாறுபவை. பன்னாட்டு எரிசக்தி முகமையுடன் 2017இல் இந்தியா இணைநாடாகச் சேர்ந்தது. அதன் தொழில்நுட்பக் கூட்டுறவுத் திட்டங்கள் ஒவ்வொன்றிலும் செயற்குழுவுக்கு ஓர் உறுப்பினரையும் மாற்று உறுப்பினரையும் அனுப்ப வேண்டியிருக்கிறது. பதவியின் பெயரால் ஒருவரை அனுப்பினால், அவர் குழுவின் சுருக்கெழுத்துகளைக் கற்று முடிக்கும் வேளையில் இடமாற்றம் வந்துவிடும். அடுத்தவர் மீண்டும் முதற்பாடத்திலிருந்து தொடங்குவார். ஈட்டர் உடன்படிக்கையின் தொடக்கக் காலம் 35 ஆண்டுகள். ஓர் அலுவலரின் பணியிடக் காலத்தை அதோடு ஒப்பிட்டால் போதும். மேலும் விளக்க வேண்டியதில்லை.

கடல் ஆற்றல் துறையில் இந்தியா வேறொரு வழியைத் தேர்ந்திருக்கிறது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் கடல் ஆற்றல் கூட்டுறவில் இந்தியாவின் சார்பாக ஒப்பந்தத் தரப்பாக நிற்பது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். ஆள் மாறலாம், நிறுவனம் மாறுவதில்லை. 1991இல் சென்னை ஐஐடியின் குழு விழிஞ்ஞத்தில் அமைத்த அலைமின் நிலையத்தின் அனுபவம் பிற்காலத்தில் இக்கழகத்தின் கைக்கும் வந்தது. எது உடைந்தது, எது உப்பில் அரித்தது என்று அறிந்த இடத்திலிருந்து ஒருவர் போய்ப் பேசும்போது அவருடைய வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கு இருக்கிறது. நினைவு ஒருவரின் தலையில் மட்டும் இருந்தால் அது அவருடைய ஓய்வூதிய ஆணையோடு வெளியேறிவிடும்.

அப்படியானால் நியமன ஆணையில் என்ன இருக்க வேண்டும்? இன்றைய ஆணைகளில் பொதுவாகப் பெயர், பதவி, பயணத் தேதி, செலவுத் தலைப்பு, வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் இசைவு ஆகியவை இருக்கின்றன. இவை வேண்டியவையே. இவற்றோடு மூன்று வரிகள் சேர்ந்தால் பெரும் வேறுபாடு உண்டாகும்.

முதலாவது, எந்தப் பொருளில் அவர் வகுத்துரைக்கலாம், எதில் சொல்லியனுப்பியதை மட்டும் சொல்ல வேண்டும் என்ற பிரிப்பு. உலையின் முதற்சுவருக்கு பெரிலியமா டங்ஸ்டனா என்பது அறிவியல் வினா. 2024ஆம் ஆண்டுத் திட்டம் நச்சுத்தன்மையுள்ள பெரிலியத்தை விட்டு டங்ஸ்டனைத் தேர்ந்தது. ஆனால் அந்தச் சுவரைச் செய்யும் உறுப்பினர்களுக்கு அது ஒப்பந்த வினாவும்கூட. இரண்டுக்கும் ஒரே குரலில் விடை கேட்டால் அறிவியல் முதலில் தளரும். இரண்டாவது, கெட்ட செய்தியைச் சொல்லும் உரிமை. குறிப்பில் உள்ள தேதி தவறிவிட்டது என்று தெரிந்தால், தலைமையிடத்துக்கு அறிவித்துவிட்டு அதை அவையில் சொல்லலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத உரிமையைத் துணிச்சலால் நிரப்பச் சொல்வது முறையன்று. மூன்றாவது, திரும்பி வந்தபின் அறிக்கை எங்கே செல்ல வேண்டும் என்பது. கோப்புக்குள் மட்டும் போகும் அறிக்கையை அடுத்துச் செல்பவரே படிப்பதில்லை.

மறைக்கத் தக்கவை அரசுக்கு உண்டு. பேரத்தின் எல்லைகளை எந்த அரசும் மேசையில் விரித்து வைக்காது. ஆயினும் தொழில்நுட்பப் பகுதியைப் பிரித்து ஆய்வு நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தருவதில் நாட்டுக்கு இழப்பில்லை. பிளாஸ்மா இயற்பியலிலோ பொருளறிவியலிலோ இன்று முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர், தன் துறையின் எதிர்காலம் எந்த மேசையில் தீர்மானமாகிறது என்பதைப் பெரும்பாலும் செய்திக் குறிப்பிலிருந்தே அறிகிறார். அவர் நாற்பது வயதில் அந்த மேசைக்குச் செல்லக்கூடும். அதற்கான பயிற்சி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. சென்று வந்தாலும், பல ஆண்டுக் குழுப்பணியைப் பதவி உயர்வுக் கணக்கு ஒரு கட்டுரைக்கு இணையாகவும் எண்ணுவதில்லை. அதனால்தான் திறமையுள்ளவர் பலர் அந்த நாற்காலியைத் தவிர்த்து ஆய்வகத்தில் இருக்கவே விரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

கற்பனைப் பொறியியலாளரிடம் திரும்பலாம். அவருடைய ஆணையில் அந்த மூன்று வரிகளும் இருந்தன என்று இம்முறை கொள்ளலாம். கூட்டத்துக்கு முந்தைய இரவு அவர் தலைமையிடத்துக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். மறுநாள் தன் முறை வந்ததும், இந்தியக் கட்டிகள் மூன்று மாதம் தாமதமாகும், காரணம் இன்ன சோதனை என்கிறார். அவையில் சிறிது நேரம் அமைதி. பிறகு கொரியப் பொறியியலாளர் தன் தாளைப் புரட்டி, வேறொரு துண்டை முதலில் எடுத்துக்கொண்டால் இரண்டு மாதத்தை மீட்கலாம் என்கிறார். நாங்கள் என்று தொடங்கிய ஒரு வாக்கியம் அறையில் இருந்த எல்லாருக்கும் உரிய வாக்கியமாக முடிகிறது. ஊர் திரும்பியபின் அவர் எழுதும் அறிக்கையின் முதல் வரி அந்த மாற்று வரிசையைப் பற்றியதாக இருக்கும். அதை அடுத்துச் செல்பவர் விமானத்தில் படித்துக்கொண்டே போவார்.